வீட்டுக்காரருக்கா என்று கேட்டார்கள்

என் அண்ணன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொஞ்ச காலம் எங்கள் தெரு முழுவதும் அவனை மொடாக்குடியன் என்றுதான் நம்பியது. குடித்தது அண்ணி. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மூடி வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. இந்த விஷயத்தில் மூடி வைத்ததெல்லாம் போதும்.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. கூப்பிடுவது அண்ணி என்றுதான், ஆனால் வா, போ. அவர்கள் இருவரும் மாடியில் இருக்கிறார்கள், நான் கீழே. நான் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். மெஷினை நிறுத்தினால் மாடியில் தம்ளர் உருள்வதுகூட எனக்குக் கேட்கும். அது ஏன் அத்தனை முறை உருள்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். தங்கும் விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, சூடான உருளைக்குள் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் தட்டையாக வெளியே வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, விலகிப் போய், மறுபடி சேர்ந்து. நாள் பூராவும் இதே நடைதான். சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வரும்போது சோப்பும் பிளீச்சும் கலந்த வாசனை அவளோடு மாடி ஏறும். அதைத் தாண்டி வேறு எந்த வாசனையும் வெளியே வராது. குடிக்கிற ஒருவருக்கு இதைவிடத் தோதான வேலை அமையாது என்று அவளே பின்னால் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏன் குடித்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதைச் சொல்லலாம், நின்று நின்று வந்த இடுப்பு வலியைச் சொல்லலாம். மகளை வெளியூர் அனுப்பிய அம்மாக்கள் எல்லாரும் குடிக்கிறார்களா என்ன? முதலில் வலிக்காகக் குடித்தாள். பிறகு தூக்கத்துக்காக. அதற்கும் பிறகு, காலையில் கை நடுங்காமல் இருப்பதற்காக. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, துணிக்குப் போடுகிற வாசனைத் திரவ பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள். சலவைக்காரி வீட்டில் அந்த பாட்டிலை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஒருநாள் வேலையில் விரிப்பின் முனை அவள் கையிலிருந்து நழுவியது. எடுத்துப் பிடித்தாள். மறுபடி நழுவியது. எதிர்முனையைப் பிடித்திருந்த பெண், “என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்றாள். “தூக்கமில்ல” என்றாள் அண்ணி. பொய் சொன்னது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் துணியின் முனையைப் பிடிக்க முடியாமல் போனது புதிது. அன்றைக்குத்தான் குடியை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள்.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற கூட்டங்கள் இருப்பதாக பஸ்ஸில் ரேடியோவில் கேட்டிருந்தாள். எங்கே, எப்போது என்று தெரியாது. தெருமுனை மருந்துக்கடையில் போய் நின்றாள். கடையில் கூட்டம் குறைகிறவரை தலைவலி மாத்திரை வாங்குகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“குடிய விடறவங்களுக்குக் கூட்டம் நடக்குதாமே. எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “வீட்டுக்காரருக்கா?”

அண்ணி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்கு அவரே ஓர் அர்த்தம் போட்டுக்கொண்டார்.

“அடப்பாவமே! எவ்ளோ அமைதியான மனுஷன். அமைதியா இருக்கறவங்கதாம்மா உள்ள தள்ளுவாங்க. கூட்டமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஒரு பொடி இருக்கு. டீல கலந்து குடுத்துடுங்க, அவருக்குத் தெரியவே தெரியாது.”

பொடியை வாங்கிக்கொண்டு வந்தாள். வாங்காமல் வந்தால் ஏன் என்று கேட்பாரே. வீட்டுக்கு வந்து அதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், தொட்டிக்குக் கீழே குனிந்து அந்த பாட்டிலை எடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் வயிற்றில் எதுவும் தங்காது. எங்கள் தெருவில் அவரிடம் இருமலுக்கு மருந்து வாங்கினால், வீடு திரும்புவதற்குள் பக்கத்து வீட்டில் “இருமல் எப்படி இருக்கு?” என்று கேட்பார்கள். அண்ணன் விஷயத்தில் கேட்க வேண்டுமா? காதோடு காதாக எல்லார் வீட்டுக்கும் போனது. கேன் தண்ணீர் போடுகிறவர் அண்ணனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். மாடிப்படியில் அவன் கால் தடுக்கினால் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்கண்ணன் அடிப்பாரா?” என்று கேட்டாள். திரைச்சீலையோடு அவளையும் சேர்த்துத் தைத்திருப்பேன்.

அண்ணி விடவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. ஒரு மருத்துவமனைக்கு போன் பண்ணினாள். போனை எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினாளாம்.

“யாரும்மா குடிக்கறாங்க?”

“வீட்ல.”

“வீட்டுக்காரரா?”

“ம்.”

“குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னே தனியா ஒரு கூட்டம் நடக்குதும்மா. நீங்க முதல்ல அங்க போங்க. நீங்க தெம்பா இருந்தாத்தானே அவரைத் தேத்த முடியும்? உங்களையும் யாராவது பாத்துக்கணும் இல்லையா?”

உங்களையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றதும் அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிறவளிடம் அந்தப் பெண் இன்னும் அன்பாக விலாசம் சொன்னாள். தவறான கூட்டத்தின் விலாசம். ஒரு பெண் குடிப்பாள் என்ற எண்ணமே அங்கே யாருக்கும் வரவில்லை. அந்த எண்ணம் வராத இடத்தில்தான் அண்ணி இத்தனை நாளும் வசதியாக ஒளிந்திருந்தாள். இப்போது வெளியே வரலாம் என்றால் வாசல் எங்கே என்று தெரியவில்லை.

வேலை முடிந்த கையோடு இரண்டு பஸ் மாறிப் போனாள். ஓர் அச்சகத்துக்குப் பின்னால் பழைய கட்டடம். பெயர்ப்பலகை கிடையாது, இந்த மாதிரிக் கூட்டத்துக்கு யார் பலகை மாட்டுவார்கள்? படியேறி வெளிச்சம் தெரிந்த அறைக்குள் போனால் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். வாத்தியார் திரும்பி, “எந்தப் பையனோட அம்மா?” என்றார். எல்லாரும் அவளை யாருக்கோ அம்மா, யாருக்கோ மனைவி என்றுதான் கேட்டார்கள். அடுத்த முறை போனபோது மழை. காவல்காரர், கூட்டம் பின்பக்கக் கட்டடத்துக்கு மாறிவிட்டது என்றும் அன்றைக்குக் கிடையாது என்றும் சொன்னார். நனைந்து வந்தவளுக்கு அண்ணன் தலை துவட்டத் துண்டு கொடுத்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவனிடம் கிடையாது. அவன் ஒரு வாயில்லாப் பூச்சி.

மூன்றாவது முறை கிடைத்தது. ஒரு நடைவழி, அதில் எதிரெதிரே இரண்டு கதவுகள்; வலது பக்கம் குடியை விடுகிறவர்களுக்கு, இடது பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் வாசலிலேயே கையைப் பிடித்து இடது பக்க அறைக்குள் கூட்டிப்போனார். உள்ளே எல்லாரும் பெண்கள். மனைவிகள், அம்மாக்கள், ஒரு மகள். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, பேச விருப்பமில்லையென்றால் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றார்கள். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பெண் சொன்னாள்: “அவரு தூங்கினப்புறம் மூக்குகிட்ட விரல வெச்சுப் பாப்பேன். மூச்சு வருதான்னு. வந்துச்சுன்னா கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன், மறுபடி பாப்பேன். அப்புறம் நான் எங்க தூங்கறது?”

 பாதித் தூக்கத்தில் தன் மூக்கருகே ஒரு விரல் வந்து போவதை அண்ணி உணர்ந்திருக்கிறாள். ஒருமுறை இல்லை, பலமுறை. கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டிருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை நினைத்தபோது, தனக்கு உரிமையில்லாத இடத்தில் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருப்பது போல் இருந்ததாம். எழுந்து வந்துவிட்டாள்.

நர்ஸம்மா பின்னாலேயே வந்தார். “முதல் நாள் இப்படித்தாம்மா இருக்கும். வீட்டு விலாசம் சொல்லுங்க. எதிர் ரூம் ஆளுங்க ரெண்டு பேரை அனுப்பறேன். அவங்களும் குடிச்சுக் கெட்டு விட்டவங்கதான். வந்து உங்க வீட்டுக்காரர்கிட்டப் பக்குவமாப் பேசுவாங்க.”

அண்ணி விலாசம் சொன்னாள். ஏன் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். “விலாசம் சரிதானே? குடிக்கற ஆளு அந்த வீட்டுலதானே இருந்தா?” என்றாள்.

இதற்கிடையில் அண்ணனுக்கு வேலையில் வினை வந்தது. அவன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான். தெருப் பேச்சு பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்தது. மேலாளர் அவனைக் கூப்பிட்டுக் காலையில் வேன் எடுப்பதற்கு முன்னால், மூச்சில் குடி இருந்தால் எண்ணில் காட்டுகிற மெஷினில் ஊதச் சொன்னார். ஊதினான். சுழி. மறுநாளும் சுழி. அடுத்த நாளும். “மெஷின் ரிப்பேர் போலிருக்கு” என்று புது மெஷின் வாங்கினார்கள். அதிலும் சுழி. “மாட்டிக்காமக் குடிக்கத் தெரிஞ்ச ஆளு” என்றார் மேலாளர். இதையெல்லாம் அண்ணன் வீட்டில் சொன்னானா? கல்லுளிமங்கன். அவனோடு வேன் ஓட்டுகிற இன்னொருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இரண்டு பேரும் வந்தார்கள். நான் மாடி ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் நெட்டை, சட்டைப் பையில் பேனா, பேச்சில் ஆபீஸ்காரக் களை. இன்னொருவர் பெயின்டர், நகக்கண்ணில் நீலச் சாயம் போகாமல் இருந்தது. அண்ணன் நாற்காலி போட்டான். நெட்டைக்காரர் சுற்றி வளைக்கவில்லை.

“நான் ஒரு குடிகாரன் சார். விட்டு வருஷக்கணக்காச்சு, ஆனாலும் குடிகாரன்தான். நீங்க எதுவும் சொல்ல வேணாம். முதல்ல மனசுக்குள்ள ஒத்துக்கணும், அவ்வளவுதான்.”

நான் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டேன். “யாரைப் பாத்து என்ன பேசறீங்க? எங்கண்ணன் சோடா குடிச்சாலே ஏப்பம் வந்துடுமோன்னு வெக்கப்படற ஆளு!”

நெட்டைக்காரர் என்னை அன்பாகப் பார்த்தார். அந்த அன்புதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. “எங்க தங்கச்சியும் எனக்காக இப்படித்தாம்மா சண்டை போட்டா.”

“இல்லைன்னா இல்லைதாங்க!”

“நானும் இல்லைன்னுதாம்மா சொல்லிக்கிட்டிருந்தேன். கையில தம்ளர வெச்சுக்கிட்டே சொல்லுவேன்.”

என்ன சொல்லி என்ன? அவர்கள் கணக்கில் ஆமாம் என்றாலும் குடிகாரன், இல்லை என்றாலும் குடிகாரன். சும்மா இருந்தால் இரண்டு மடங்கு குடிகாரன். அண்ணன் சும்மாதான் இருந்தான், இடித்த புளி மாதிரி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போது அண்ணி தட்டில் டீ கொண்டுவந்தாள். தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டன. டீ தளும்பித் தட்டெல்லாம் ஓடியது. நான் அவள் கையைப் பார்த்தேன். பெயின்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் எழுந்து, ஒன்றும் நடக்காதது போலத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கினான்.

“கூட்டம் என்னைக்குங்க?” என்று கேட்டான்.

“வியாழக்கிழமை சாயங்காலம்.”

“வர்றோம்.”

நெட்டைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையைக் குலுக்கினார். பாதிக் கிணறு தாண்டிய சந்தோஷத்தோடு படியிறங்கிப் போனார்.

நான் அண்ணனைக் கீழே என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். “நீ குடிக்கறியா?”

“இல்ல.”

“அப்ப அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“சொல்லி, அவங்களும் நம்பிட்டா, எந்திரிச்சுப் போயிருப்பாங்க.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “யாரோ வந்தாங்களே, அதுவே பெருசு.”

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வருடம் அவன் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதித்தான். யாருக்கு என்று கேட்டதற்கு, “வயசாகுதுல்ல, எனக்குத்தான்” என்றான். படியில் வழுக்காமலிருக்க ரப்பர் ஒட்டினான். அதுவும் அவனுக்குத்தானாம். அடுப்பை அணைத்துவிட்டோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பான், தனக்கு மறதி என்பான். உருண்ட தம்ளர்கள் எல்லாம் அப்போது ஒவ்வொன்றாக எனக்குக் கேட்டன. உட்கார்ந்து அழுதேன். அவன், அண்ணி தனியாக இருக்கிறாள் என்று, மாடிக்குப் போனான்.

அந்த இரண்டு பேர் வந்து போனதைத் தெரு பார்த்துவிட்டது. நெட்டைக்காரரை யாருக்கோ தெரிந்திருந்தது. அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் அண்ணனிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி மெஷின் என்ன சொன்னாலும் வேன் கிடையாது; குடியை விட்டுவிட்டான் என்று நம்பிக்கை வருகிறவரை கேட்டில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தட்டும், அப்படியும் சரிவராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து பழக்க தோஷத்தில் சாவி மாட்டுகிற ஆணிக்குக் கையைக் கொண்டுபோனான். கையில் சாவி இல்லை. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் போய்ச் சொல்லிடறேங்க. நாளைக்கே சொல்லிடறேன்.”

“முதல்ல வியாழக்கிழமை ஆகட்டும். ஸ்கூல் எங்கயும் ஓடிப் போயிடாது.”

அவள் உடனே திருந்திவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கும் குடித்தாள். வியாழக்கிழமை காலையும் கை நிற்பதற்காகக் கொஞ்சம் குடித்தாள். அதையும் அவளே சொன்னாள்.

சாயங்காலம் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணி நிழற்குடையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “என்னால முடியாதுங்க. எல்லாரும் பாப்பாங்க. திரும்பிடலாம்.”

“சரி. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்” என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆபீஸ் விட்ட நேரம். பஸ்கள் வந்து, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போயின. நான் நின்றுகொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது என்று அலுப்பாக இருந்தது. கடைசியில் அவன் மெதுவாகச் சொன்னான்.

“நீ எதுவும் சொல்ல வேணாம். நான்தான் குடிகாரன்னு அங்க ஒத்துக்கறேன். ஊரே சொல்லுது, இனி ஒரு தடவை நான் சொன்னா என்ன? அவங்க எப்படி விடறதுன்னு சொல்லுவாங்க. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கோ.”

அண்ணி அவனையே பார்த்தாள். பிறகு அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! “உங்களுக்கென்ன பைத்தியமா? வேனைப் புடுங்கிட்டானுங்க, தெருவே காறித் துப்புது, இன்னும் ஒத்துக்கறேன்றீங்க! கைப்பிடி உங்களுக்கு, ரப்பர் உங்களுக்கு, இப்பக் குடியும் உங்களுக்கா? எனக்குன்னு ஒண்ணையாவது விட்டு வைங்க!”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து எங்களுக்கு முன்னால் நடந்தாள். நேராக நடக்கவில்லை, ஆனால் வேகமாக நடந்தாள்.

அதே நடைவழி, அதே எதிரெதிர்க் கதவுகள். நெட்டைக்காரர் வாசலிலேயே காத்திருந்து அண்ணன் தோளில் கை போட்டார். “வாங்க சார், வாங்க! வந்ததே பெரிய விஷயம்.” நர்ஸம்மா இந்தப் பக்கம் அண்ணியின் கையைப் பிடித்தார். “நீ இங்க வாம்மா.” அவனை வலது பக்கமும் இவளை இடது பக்கமும் இழுத்தார்கள். சலவைக்கூடத்தில் விரிப்பை இழுத்துப் பிடிப்பது போல் இருந்ததாம் அண்ணிக்கு.

“ஒரு நிமிஷம்” என்றாள்.

யாரும் நிற்கவில்லை. அவள் கையை உருவிக்கொண்டாள்.

“எனக்குத்தான்.”

“என்னம்மா?” என்றார் நர்ஸம்மா.

“கூட்டம் எனக்குத்தாங்க. இவரு தொட்டதே இல்ல. குடிக்கறது நான்.”

நெட்டைக்காரருக்கு வாய் பிளந்தது. ஆனாலும் மனிதர் பழக்கத்தை விடவில்லை. “புருஷனைக் காப்பாத்தறதுக்காகச் சில பேர் இப்படியும்...” என்று ஆரம்பித்தார்.

பெயின்டர் உள்ளே நின்று வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்தே அப்படித்தான் நின்றிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயா, கொஞ்சம் வழிய விடுங்க” என்றார். பிறகு அண்ணியிடம், “உள்ள இன்னும் ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. பயப்படாம வாங்க. முதல்ல ஒரு டாக்டரையும் பாத்துடணும், திடீர்னு விட்டா உடம்பு தாங்காது. அதெல்லாம் நாங்க கூட வர்றோம்.”

அண்ணி போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பள்ளிக்கூடக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்பீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் நடுக்கம் ஒரு மாதிரி அடங்கியதும் அண்ணியே மேலாளரைப் போய்ப் பார்த்தாள். குடித்தது தான்தான் என்றாள். அவர் நம்பவில்லை. “புருஷன் வேலைக்காகப் பொம்பளை இவ்ளோ தூரம் இறங்கக் கூடாதும்மா” என்று அறிவுரை சொன்னார். “வேணும்னா ஊதிக் காட்டறேன்” என்று ஊதினாள். சுழி. அவள் வாழ்க்கையில் உண்மையைச் சொன்ன நாளில் மெஷின் காலை வாரிவிட்டது. கடைசியில் சாவி திரும்பி வந்தது எங்கள் உண்மையால் இல்லை. அண்ணனுக்குப் பதிலாக வந்த டிரைவர், பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, காலி வேனைப் பள்ளிக்கூடத் தூணிலேயே கொண்டுபோய் இடித்ததால். இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அண்ணன் குடித்துத் திருந்தியவன். மருந்துக்கடைக்காரர் தன் பொடியால்தான் என்று சொல்லிக்கொள்கிறார். அண்ணி வியாழக்கிழமை தவறாமல் போகிறாள். நடுவில் ஒருமுறை சறுக்கினாள். மறுபடி போனாள். அவ்வளவுதான், அதற்குமேல் அதில் வெற்றி விழா ஒன்றும் இல்லை.

அந்த முதல் வியாழக்கிழமைக்கு வருகிறேன். நடைவழியில் அண்ணன் தனியாக நின்றான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவன் முழி. நர்ஸம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். “அப்ப நீங்க இந்தப் பக்கம் வாங்க” என்று இடது பக்கக் கதவைக் காட்டினார். நானும் கூடவே போனேன்.

அத்தனை பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அந்த வட்டத்தில் ஆண் என்று வந்து உட்கார்ந்தவன் அவன் ஒருவன்தான். கையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பிறர் வீட்டு நாற்காலியில் உட்காருகிறவன் போல விளிம்பில் உட்கார்ந்தான்.

“யாருக்காக வந்திருக்கீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். மூக்குகிட்ட விரல் வைத்துப் பார்ப்பதாகச் சொன்ன பெண் அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

“என் சம்சாரத்துக்காக.”

 அவசரமில்லை, தோன்றுவதைச் சொல்லலாம் என்றார் நர்ஸம்மா. அவன் யோசித்தான். தெருவைப் பற்றிச் சொல்வான், சாவியைப் பற்றிச் சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அந்த மருந்துக்கடைக்காரரிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

“என்ன சொல்றதுன்னு தெரியலைங்க” என்றான். “தூங்கி ரொம்ப நாளாச்சு.”

அவ்வளவுதான் சொன்னான். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். இன்னும் இரண்டு மூன்று பேர் ஆட்டினார்கள். அதற்கு விளக்கம் கேட்க அங்கே ஆளில்லை.

அடுத்தவள் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். பிறகு தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோளைத் தட்டப் போனேன். நர்ஸம்மா வேண்டாம் என்று கை காட்டினார். பேசிக்கொண்டிருந்தவள் குரலைத் தாழ்த்தினாள். அதற்குப் பிறகு கூட்டம் முடிகிறவரை எல்லாரும் அப்படியே, தொட்டில் பக்கத்தில் பேசுகிற மாதிரி பேசினார்கள்.

எதிர் அறை முடிந்து அண்ணி வந்தாள். கண் வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அறையைப் பூட்ட வேண்டும். நர்ஸம்மா பூட்டோடு வாசலில் நின்றார். கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரம் இல்லை, நேரம் இருந்தது. ஆனாலும் எவ்வளவு நேரம்தான் அவரை நிற்க வைப்பது? நான் அண்ணனை எழுப்பக் குனிந்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தாள்.

“எழுப்பாத. அவரு தூங்கட்டும்” என்றாள். “நான் முழிச்சிருக்கேன்.”